ஆபரேஷன் படிவத்தில் இல்லாத மூணு கேள்வி

ஆபரேஷனுக்கு முன் நிரப்பும் படிவங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மருந்து அலர்ஜி உண்டா?" அது போதாது. கையுறை, சிறுநீர்க் குழாய் இவற்றின் ரப்பர் பாலில் இருக்கும் புரதமும் ஆளைச் சாய்க்கும். அதுவும் ஆபரேஷன் தொடங்கி அரை மணி, ஒரு மணி கழிச்சு ரத்த அழுத்தம் சரியும். பழி மயக்க மருந்துமேல் விழும்.

கேட்க வேண்டியது எளிது. பலூன் ஊதினா உதடு வீங்குதா? வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டா வாய் அரிக்குதா? சின்ன வயசிலிருந்தே பல ஆபரேஷன் நடந்திருக்கா? ரப்பர் ஒவ்வாமை உள்ள பலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்காது. வாழை விளையுற நம்ம திருச்சிப் பக்கம் இதைக் கேட்காம விடலாமா?

'ஆமா'ன்னா ரப்பர் பால் இல்லாத கையுறை, அன்றைய முதல் ஆபரேஷன். முந்தைய கேஸின் கையுறை மாவு புரதத்தைக் காற்றில் பரப்பியிருக்காது. அந்த மாவுக் கையுறையை அமெரிக்கா 2017 ஜனவரியிலேயே தடை செய்தாச்சு. நமக்குத் தேவை படிவத்தில் மூணு வரி.