டம்ளரில் பேர் போட ஒரு லேசர்

பவுடர் கோட்டிங் பூசிய டம்ளரில் பேர் போட 10 வாட் டயோட் லேசர் தாராளமாகப் போதும். பூச்சில்லாத எவர்சில்வர் டம்ளருக்குப் போதாது. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, 'ஸ்டீலில் எழுதும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம் என்பதற்காகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பழகிப் பார்த்தது நண்பர் ஒருவரின் இயந்திரம். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தண்டவாளத்தைப் பார்த்த மாடியறையில் இருக்கிறது. மூடி இல்லாத அலுமினியச் சட்டம், அதன் மேல் ஓடும் லேசர் தலை, டம்ளரைச் சுழற்ற ரோட்டரி, இவ்வளவுதான் மொத்தமும். இந்த வேலைக்கு இதைவிட வசதியான இடம் சென்னையில் குறைவு. வெற்று டம்ளர் வாங்கச் சௌகார்பேட்டை, டிசைனுக்குப் பத்திரிகை அச்சடிக்கும் ஆண்டர்சன் தெரு, விசேஷங்களுக்கு வண்ணாரப்பேட்டையும் ராயபுரமும் என்று எல்லாமே ஆட்டோ தூரத்தில் இருக்கின்றன. வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, குழந்தையின் முதல் பிறந்தநாள் என ரிட்டர்ன் கிஃப்ட் இல்லாத விசேஷமே இன்று இல்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. வந்தவர்கள் கையில் திரும்பத் திரும்பப் பயன்படும் ஒரு டம்ளரைக் கொடுத்தனுப்புவது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன்.

டயோட் லேசர் வீசுவது சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி. டம்ளர் மேல் உள்ள பவுடர் கோட்டிங் அதை உறிஞ்சிக்கொண்டு எரிந்து ஆவியாகிறது. அடியில் இருக்கும் ஸ்டீல் பெரும்பகுதி ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், வாங்கிய சூட்டையும் பரப்பிவிடும். அதனால் ஸ்டீல் தெரிந்ததும் வேலை தானாக நின்றுவிடுகிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. பவர் கொஞ்சம் கூடினாலும் டம்ளர் ஓட்டையாகாது. கறுப்பு, கரும்பச்சை நிறங்களில் விநாடிக்கு 100 மி.மீ. வேகம், 80 சதவீத பவர் என்று வைத்தால் எழுத்து பளிச்சென்று வருகிறது. வெள்ளையும் வெளிர் நிறங்களும் ஒளியைக் குறைவாக உறிஞ்சுவதால் அவற்றுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ரோட்டரியில் இரண்டு வகை. இரண்டு உருளைகளின் மேல் டம்ளரைப் படுக்க வைப்பது ஒன்று, வாயைக் கவ்விப் பிடிக்கும் சக் இன்னொன்று. கார் கப் ஹோல்டரில் பொருந்துவதற்காக அடிப்பக்கம் குறுகிய டம்ளர்கள் உருளை மேல் ஒரு பக்கமாக நழுவும், பேர் கோணிக்கொண்டு போகும். சாய்க்க முடிகிற சக் வகைதான் சரி. டம்ளரின் மேல்பரப்பு மட்டமாகிற அளவுக்குச் சாய்த்துவிட்டால் லேசரின் ஃபோகஸ் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி நிற்கும். மென்பொருளில் விட்டத்தைச் சரியாகக் கொடுப்பது அடுத்த வேலை. 73 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 229 மி.மீ. இந்த அளவு தவறினால் எழுத்து அகலமாகவோ நெருக்கியோ விழும்.

இனி, எந்த யூடியூப் விமர்சனத்திலும் நான் பார்க்காத விஷயம்: தமிழ் எழுத்து. பத்திரிகை டிசைன் செய்யும் இடங்களில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அந்த ஃபைலை அப்படியே வாங்கி நம் கணினியில் திறந்தால் 'கௌசல்யா' இருந்த இடத்தில் ஆங்கிலக் குறிகள் நிற்கும். 'கர்வ்ஸ் போட்டுக் குடுங்க' என்று கேட்டு வாங்க வேண்டும். எழுத்துகள் எல்லாம் கோடுகளாக மாறிய பிறகு எந்தக் கணினியிலும் உடையாது. நாமே செய்வதானால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் யூனிகோடில் தட்டி, பாதையாக மாற்றி, எஸ்விஜி ஃபைலாக எடுத்து, லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளில் ஏற்றலாம். கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகின்றன.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதில்தான் கண் வேண்டும். ண, ணை, ஞ, ஜ போன்ற எழுத்துகளின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்கின்றன. மெல்லிய எழுத்துருவானால் புள்ளி காணாமல் போகிறது, தடித்ததானால் சுழி மூடிக்கொள்கிறது. நடுத்தரத் தடிமனில், எழுத்து 8 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் வைத்தால் 'கண்ணன்' கண்ணனாகவே வருகிறது. பேரைக் கேட்டு எழுதிக்கொள்வதும் ஆபத்து. ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகே லேசரைத் தொட வேண்டும். ஒரு பாட்டி சொன்னார்: "தம்பி, பேத்தி பேரு தூரத்துல இருந்தே தெரியணும்பா." எழுத்தின் அளவைத் தீர்மானிக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

பூச்சில்லாத எவர்சில்வருக்கு வருவோம். சீர் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பது நம் பாத்திரக் கடைகளின் பழைய பழக்கம். உளியால் தட்டியதும், பின்னர் மின்சாரப் பேனாவால் புள்ளி புள்ளியாகக் குத்தியதும் உலோகத்துக்குள்ளேயே இறங்கியவை. பல வருடம் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் பாட்டி வீட்டுச் சொம்பில் பேர் நிற்பது அதனால்தான். டயோட் லேசரால் அந்த ஆழத்துக்குப் போக முடியாது. மார்க்கிங் ஸ்ப்ரே அடித்துச் சுட்டால் கறுப்பாக ஒரு படிவு ஒட்டும், அழகாகவும் இருக்கும். ஆனால் அது பரப்பின் மேல் நிற்பது. உலோகத்தைக் கடிக்க 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர் வேண்டும். குறுகிய துடிப்புகளில் உச்ச சக்தியைக் கொட்டுவதால் அதற்கு ஸ்டீல் இணங்கும். அதன் விலை வேறு. வெற்று எவர்சில்வர் ஆர்டர் எப்போதாவதுதான் வரும் என்றால் ஃபைபர் வைத்திருப்பவரிடம் ஜாப் வொர்க் கொடுப்பது புத்திசாலித்தனம். கண்ணாடி டம்ளருக்கு ஏற்றது 10,600 நானோமீட்டர் சிஓ2 லேசர்.

கடலோரத்தில் விற்பவர்கள் ஸ்டீலின் தரத்தையும் கவனிக்க வேண்டும். ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். லேசர் சூடு பட்ட இடத்தில் அந்தக் காப்பு பலவீனப்படலாம். 304 தரம் ஓரளவு தாங்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசையில், ராயபுரம், காசிமேட்டு உப்புக் காற்றில், எழுத்தின் ஓரத்திலேயே பழுப்பு தட்டும். காந்தத்தை வைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால் பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

நேரக் கணக்கு இது. 60-க்கு 30 மி.மீ. பரப்பை 0.1 மி.மீ. இடைவெளியில் நிரப்பினால் லேசர் ஓடும் தூரம் 18 மீட்டர். விநாடிக்கு 100 மி.மீ. என்றால் 3 நிமிடம், ஒவ்வொரு கோட்டிலும் திரும்பும் நேரம் சேர்த்து 5 நிமிடம். ஆல்கஹாலால் துடைத்து, மாட்டி, நடுக்கோடு பார்த்து, மறுபடி கரி துடைத்து எடுப்பது இன்னொரு 5 நிமிடம். ஆக மணிக்கு 6 டம்ளர். 50 டம்ளர் ஆர்டர் என்றால் முழு நாள் வேலை. அதற்கு மேல் அடிக்கடி வருகிறவர்களுக்கு இந்த இயந்திரம் ஈடுகொடுக்காது. பாதியில் கரண்ட் போனால் அதே இடத்திலிருந்து தொடர்வது கஷ்டம் என்பதால் யுபிஎஸ் அவசியம்.

இது நான்காம் வகுப்பு லேசர். சிதறி வரும் ஒளியே கண்ணைக் கெடுக்கும். அந்த அலைநீளத்துக்கென்று குறிப்பிட்ட கண்ணாடி, மூடிய பெட்டி, ஆள் பக்கத்திலேயே இருப்பது, மூன்றும் வேண்டும். சமைக்கவும் படுக்கவும் ஒரே அறை என்றால், குழந்தைகள் உள்ள வீடு என்றால், தயவுசெய்து வேண்டாம். பூச்சு எரியும் புகையை எக்ஸாஸ்ட் குழாய் வைத்துக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். எண்ணூர், மணலிப் புகையோடு வாழும் ஊரில் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நாமும் ஒரு பங்கு அனுப்பக் கூடாது. பிவிசி எதையும் இதில் வைக்கவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும்.

மாதத்துக்கு ஐந்தாறு விசேஷ ஆர்டர்கள் கையில் இருந்து, தனி அறையும் இருந்தால் வாங்கலாம். பணம் பற்றாக்குறை என்றால் 20 வாட்டுக்கு ஆசைப்படாமல் 10 வாட்டோடு நின்று, மிச்சத்தைச் சக் ரோட்டரிக்கும் புகைக் குழாய்க்கும் செலவழியுங்கள். ஒன்றிரண்டு கெட்டுப்போகலாம் என்பதால், ஆர்டர் 50 என்றால் டம்ளர் 53 வாங்கி வையுங்கள்.