தீயைத் தாங்கும் கல்

கொல்லையில் கரியடுப்புக் கட்டி இறைச்சி சுட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது கல்லின் அழகைத்தான். ஆற்றுக் கூழாங்கல் பார்வைக்கு லட்சணம். ஆனால் உள்ளே ஈரம் தங்கியிருந்தால், சூட்டில் அது ஆவியாகிக் கல்லையே வெடிக்க வைக்கும். சிமென்ட் பூச்சும் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கும்.

என் ஓட்டு ஃபயர் பிரிக்குக்குத்தான். வெளிர்மஞ்சள் நிறம், 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலப் பருமன். கையில் எடுத்தால் கனம் தெரியும். அலுமினா மிகுந்த தீக்களிமண்ணைச் சுட்டுச் செய்வது. நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் கிடைக்கிற மண்தான்.

அதை அடுக்குவதைப் பார்ப்பதே தனி சுகம். வழக்கமாகக் கரண்டி நிறையச் சாந்து அள்ளி வைக்கும் கொத்தனார், இங்கே தீக்களிமண்ணைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, கல்லின் முகத்தை அதில் தோய்த்து, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி உட்கார வைப்பார். இணைப்பு 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தீ முதலில் தின்பது சாந்தைத்தான் என்பது அவருக்குத் தெரியும்.

ஃபயர் பிரிக் தீ படும் உட்புறத்துக்கு மட்டும்தான்; வெளிச்சுவருக்குச் சாதாரணச் சூளைச் செங்கல் போதும். இரண்டுக்கும் நடுவே, சூட்டில் கல் விரிய இடம் விட்டால் சரி. முழுவதையும் ஃபயர் பிரிக்கில் கட்டுவது காசைக் கரியாக்குவது. கட்டி முடித்ததும் சில நாள் சிறு தீ மட்டும் மூட்டி ஈரத்தைப் போக்குங்கள். மேலே வைக்கும் கம்பிவலை துத்தநாகம் பூசியதாக இருந்தால் கடுஞ்சூட்டில் நச்சுப்புகை வரும். எவர்சில்வர் கம்பியே வாங்குங்கள்.