ஆஷ்லி கேட்ட கேள்வி

கல்லூரி விடுதியில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்துதான் 'கிரான் டோரினோ' பார்த்தோம். பாட்டியின் சாவுக்கு வந்த பேத்தி ஆஷ்லி, சிகரெட் பிடிக்கக் கராஜுக்குள் ஒதுங்குகிறாள். தாத்தா வால்ட்டின் கார் கண்ணில் படுகிறது. நீங்க செத்துப்போனதுக்கு அப்புறம் இதை என்ன பண்ணப் போறீங்க என்கிற மாதிரி ஒரு கேள்வியைக் கூச்சமே இல்லாமல் கேட்கிறாள். ஆறு பேரும் ஒரே குரலில் "ச்சீ" என்றோம். நாங்கள் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அந்தக் காட்சி எடுக்கப்பட்டிருக்கிறது.

போன வருடம் அதே கேள்வியை நானே கேட்டேன்.

அப்பாவுக்கு 74 வயது. கண் டாக்டர் இனிமேல் ராத்திரியில் வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். போர்ட்டிகோவில் நிற்பது பழைய ஃபியட். கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும், காலையில் சோக்கை இழுத்தால்தான் கிளம்பும். "இத என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. கையிலிருந்த துணியை ஒரு உதறு உதறிவிட்டு, ஏற்கெனவே துடைத்த பானெட்டை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அன்று இரவு படத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பவும் பார்த்தேன். இந்தமுறை "ச்சீ" வரவில்லை.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 2008இல் இயக்கி நடித்த படம். மனைவியை இழந்த வால்ட் கோவால்ஸ்கி, ஃபோர்டு தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர், கொரியப் போருக்குப் போய் வந்தவர். அவரிடம் இருப்பது 1972ஆம் வருட கிரான் டோரினோ ஸ்போர்ட். இந்த அமெரிக்கப் பெருவண்டியை 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று சொன்னால் ஃபெராரி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வால்ட்டுக்கு அது பிரச்சினையில்லை. அதன் ஸ்டியரிங் காலத்தைப் பொருத்தியதே அவர் கைதான். மகனோ டொயோட்டா விற்கிறான். பக்கத்து வீடுகளில் வியட்நாம் போருக்குப்பின் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் குடும்பங்கள். படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்று டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க். ஃபோர்டு 1913இல் நகரும் அசெம்பிளி லைனை ஓடவிட்ட அதே ஊர். கார் தொழிலால் வளர்ந்து, அது போனதும் காலியான தெருக்கள். அந்தத் தெருவில் பளபளவென்று ஒரே ஒரு கார்.

ஒன்றைக் கவனித்தேன். வால்ட் வெளியே போவதென்றால் பழைய பிக்கப்பில் போகிறார். டோரினோவைக் கழுவுகிறார், துடைக்கிறார், வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு பீர் குடித்தபடி எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். ஓடுவதற்காகச் செய்த பொருள் அவருக்குச் சாமி சிலையாகிவிட்டது. சாமியை வேறு யார் தொட்டாலும் தீட்டு.

அந்தக் காரைத் திருட வருபவன்தான் பக்கத்து வீட்டுப் பையன் தாவ். மாமன் மகனின் கும்பல் அவனை அனுப்புகிறது. பிடிபடுகிறான். பிராயச்சித்தமாக வால்ட்டிடம் வேலை செய்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக வால்ட் அவனுக்குக் கருவிகளைக் கொடுக்கிறார், கட்டட வேலை வாங்கித் தருகிறார், ஒரு பெண்ணை வெளியே அழைத்துப் போக டோரினோவையே இரவல் தரச் சம்மதிக்கிறார். கடைசியில் உயிரையும் கொடுக்கிறார். பிறகு வக்கீல் உயில் வாசிக்கிறார். வீடு சர்ச்சுக்கு. கார் தாவுக்கு. ஆஷ்லியின் முகம் தொங்கிப்போகிறது. தியேட்டரில் கைதட்டல் எழுந்திருக்கும்.

எனக்கு உறுத்தல் தொடங்குவது அங்கேதான்.

சாவதற்கு முன் வால்ட் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறார். மூன்று பாவங்கள். வேறொரு பெண்ணை முத்தமிட்டது, படகு விற்ற லாபத்துக்கு வரி கட்டாதது. மூன்றாவது, தன் இரண்டு மகன்களோடு நெருங்கத் தெரியாமல் போனது. படத்தின் மிக உண்மையான நிமிடம் இதுதான். அந்த வீட்டில் யாரும் அந்தக் காரைப் பற்றி ஏன் ஒன்றும் அறியவில்லை என்பதற்கு இதுதான் பதில். யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் உயில் காட்சிக்கு வந்ததும் படம் இந்த வாக்குமூலத்தை மறந்துவிடுகிறது. தாத்தா கொடுக்காத அன்பு பேத்தியிடம் இல்லை என்பதற்காகப் பேத்தியைத் தண்டிக்கிறது. தண்டனையை நாம் ரசிக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது.

ஆஷ்லி கேட்ட விதம் அசிங்கம். கேள்வி அசிங்கமில்லை. அந்த வீட்டில் யாராவது ஒருவர் அதைக் கேட்டே ஆக வேண்டும். மகனும் மருமகளும் அதையேதான் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள், பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்து விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து. நேராகக் கேட்டவள் ஆஷ்லி மட்டும்தான்.

இன்னொருத்தி இருக்கிறாள். தாவின் அக்கா சூ. வால்ட்டின் வசவுகளைச் சிரித்துத் தள்ளி, அவரை வீட்டு விருந்துக்குக் கூட்டிப்போய் மனிதர்களோடு சேர்த்தவள் அவள்தான். கதை அவளுக்குத் தருவது கொடூரமான தாக்குதல், அதன் வழியாக வால்ட்டுக்குத் தியாகம் செய்ய ஒரு காரணம். கார் விஷயத்தில் அவள் பெயரே வரவில்லை. ஸ்டியரிங் ஆணிடமிருந்து ஆணுக்குத்தான் போகும் என்பதைப் படம் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. எங்கள் வீட்டிலும் ஃபியட்டை ஓட்டத் தம்பிக்குத்தான் ஒருமுறை சொல்லிக்கொடுத்தார்கள். அவனுக்கு ஆர்வமில்லை. எனக்கு இருந்தது, என்னை யாரும் கேட்கவில்லை.

உயிலில் தாவுக்கு நிபந்தனைகளும் உண்டு. கூரையை வெட்டக் கூடாது, தீப்பிழம்பு வரையக் கூடாது, பின்னால் ஸ்பாய்லர் மாட்டக் கூடாது. மற்ற இனத்தாரை இழிவாகப் பேசும் சொற்களோடு எழுதப்பட்ட இந்தப் பட்டியலைக் கிழவரின் குறும்பாகத்தான் படம் வைத்திருக்கிறது. எனக்கு அது பயமாகவும் பட்டது. செத்த பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க மனசில்லை.

இந்தப் பிடி சினிமாவுக்கு வெளியிலும் உண்டு. 1977இல் சாண்ட்ரா வெஸ்ட் என்கிற பணக்காரப் பெண் 37 வயதில் இறந்தபோது, தன்னைத் தன் 1964 ஃபெராரியோடு புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் அப்படியே புதைத்தார்கள். இதற்கு நேர் எதிர் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிரெட் சிமியோன். மூளை அறுவை மருத்துவரான அவர் வாழ்நாள் முழுக்கப் பந்தயக் கார்கள் சேர்த்தார், 2008இல் அவற்றுக்கென்று அருங்காட்சியகம் திறந்தார், 2022இல் இறந்தார். இப்படிப்பட்ட கார்களுக்கு நாம் முதலாளியில்லை, காவல்காரன் என்பது அவர் கட்சி. கார்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடைக்காமல், கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் திடலில் அவ்வப்போது ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்தார். ஆனால் அருங்காட்சியகத்துக்கும் ஆயுள் உண்டு. பிரெஞ்சுக் கார்களுக்காகக் கலிஃபோர்னியாவில் பீட்டர் மல்லின் நடத்திய அருங்காட்சியகம், அவர் 2023இல் இறந்த பிறகு அடுத்த வருடமே மூடப்பட்டது. சில கார்கள் வேறொரு அருங்காட்சியகத்துக்குப் போயின, சில ஏலத்துக்குப் போயின. மண், காட்சிக்கூடம், ஏலம் என்று எல்லா வழிகளிலும் காருக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ளும் ஒரு கை கிடைக்குமா என்பதுதான் நிச்சயமில்லை.

அந்தக் கையைக் காட்டிய படம் ஹமகுச்சி ரியூசுகேயின் 'டிரைவ் மை கார்' (2021). நாடகக்காரர் கஃபுகுவிடம் சிவப்பு ஸாப் 900. ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்குக் கண்ணில் கிளாகோமா என்று தெரிகிறது. அவர் கிழவரில்லை. ஆனால் ஒருநாள் சாவியைத் தந்தாக வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது. ஹிரோஷிமா நாடக விழாக்காரர்கள் மிசாகி என்கிற இளம்பெண்ணை ஓட்டுநராக வைக்கிறார்கள். என் வண்டியை இன்னொருத்தர் ஓட்டுவதா என்று முதலில் முரண்டு பிடிக்கிறார். அவள் ஓட்டுகிறாள். வண்டியில் போவதே தெரியவில்லை. பின்சீட்டில் தூங்கும் அம்மாவை எழுப்பாமல் ஓட்ட, அடி வாங்கிக் கற்றுக்கொண்ட கை அது.

இரண்டு படங்களின் கடைசிக் காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது நிஜமாகவே திடுக்கிட்டேன். அங்கே தாவ் ஏரிக்கரைச் சாலையில் டோரினோவை ஓட்டிப் போகிறான், பக்கத்தில் வால்ட்டின் நாய். இங்கே மிசாகி கொரியாவில் கடைக்குப் போய்விட்டு அதே ஸாபில் ஏறுகிறாள், உள்ளே ஒரு நாய். ஜப்பானில் வலப்பக்க ஸ்டியரிங்தான் வழக்கம், இந்தக் காருக்கு இடப்பக்கம். கொரியச் சாலையில் அது முதல்முறையாகச் சரியான பக்கத்தில் இருக்கிறது. கார் எப்படி அவளிடம் வந்தது? ஹமகுச்சி சொல்லவே இல்லை. உயில் இல்லை, நிபந்தனை இல்லை, ஏமாந்த பேத்தி இல்லை. சொல்லத் தேவையுமில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் கார் கை மாறுவதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்!

'கிரான் டோரினோ'விலும் காரைக் கொடுத்த கணம் வக்கீல் அலுவலகத்தில் இல்லை. இரவல் தரச் சம்மதித்தாரே, அந்தக் கணம்தான். ஈஸ்ட்வுட்டுக்குள் இருக்கும் கலைஞனுக்கு இது தெரிந்திருக்கிறது. பழைய ஹீரோவுக்குத்தான் செத்த பிறகும் யாரையாவது ஜெயிக்க வேண்டியிருக்கிறது. படத்தை இப்போதும் எனக்குப் பிடிக்கும். அந்த உயில் காட்சியைத்தான் மன்னிக்க முடியவில்லை. கராஜில் நின்ற அந்தப் பெண்ணிடம் வால்ட் ஒரே ஒருமுறை, "உள்ள வந்து உக்காந்து பாரு" என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்றிருப்பாள். அப்போது தண்டித்திருந்தால் நியாயம்.

என் பக்கமும் தப்பு இருக்கிறது. நானும் வண்டியைப் பற்றிக் கேட்காமல், அப்பா இல்லாத நாளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்ட்டிகோவுக்குப் போனேன். "சோக் எவ்ளோ இழுக்கணும்ப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சாவியை நீட்டிவிட்டு, சுற்றிவந்து இடதுபக்கச் சீட்டில் ஏறினார். அந்தக் காரில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மூன்று தடவை ஆஃப் ஆனது. மூன்று தடவையும் திட்டினார்.