விடை தரும் கருவியும் சான்று தரும் கருவியும்: மொழிபெயர்ப்பு வகுப்பில் தொடரடைவு

1. முன்னுரை

பல்கலைக்கழகக் கல்வியில் கணினியின் பயன்பாடு குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பரவலையே அளவுகோலாகக் கொள்கின்றனர். எத்தனை பாடங்கள் இணையத்தில் ஏறின, எத்தனை மாணவர் பதிவு செய்தனர் என்னும் கணக்குகள் கருவியின் வீச்சைக் காட்டுமேயன்றிக் கற்றலில் அது விளைவித்த மாற்றத்தைக் காட்டா. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டமும், 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய சுவயம் தளமும் நல்லாசிரியரின் விரிவுரையைத் தொலைவிலுள்ள மாணவருக்குக் கொண்டு சேர்த்தன. இப்பயன் சிறிதன்று. ஆயினும் விரிவுரை விரிவுரையாகவே நிற்கிறது. சொல்பவர் ஆசிரியர், கேட்பவர் மாணவர் என்னும் உறவு அதனால் மாறுவதில்லை. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் திரைக்கு இடம்பெயர்ந்தபோதும் மாறியது இடமே, முறையன்று.

மொழியியலும் மொழிபெயர்ப்பும் கற்பிக்கும் துறைகளில் இவ்வேறுபாடு மேலும் கூர்மை பெறுகிறது. இத்துறைகளில் கருவிகளை இருவகையாகப் பகுத்து நோக்குதல் தகும். ஒருவகை விடையைத் தருவது. மற்றொருவகை சான்றைத் தருவது. எந்திர மொழிபெயர்ப்பு முன்னதற்கும், தொடரடைவு பின்னதற்கும் எடுத்துக்காட்டாகும். இவற்றுள் தொடரடைவு மொழிபெயர்ப்பு வகுப்பில் எந்த அளவு பயன்படும், எங்குப் பயன்படாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொடரடைவும் தரவகமும்

தொடரடைவு கணினியோடு பிறந்ததன்று. கேரளப் பல்கலைக்கழகத்தில் வ.அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் வெளிவந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 தொடங்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 1990-களின் தொடக்கத்தில் தாமஸ் லேமான், தாமஸ் மால்ட்டன் ஆகியோர் கணினியின் துணைகொண்டு சங்க இலக்கியச் சொல்லடைவை உருவாக்கினர். இவை யாவும் ஆய்வாளருக்கெனச் செய்யப்பட்டவை. மாணவர் இவற்றைக் குறிப்பு நூல்களாக அறிந்தனரேயன்றிப் பயிற்சிக் கருவிகளாகக் கையாளவில்லை.

ஒரு சொல் வரும் வரிகளை எல்லாம் அச்சொல் நடுவில் நிற்குமாறு அடுக்கி, மாணவர் கையிலேயே கொடுத்து விதியைக் காணச் செய்யும் முறையை 1980-களிலும் 1990-களிலும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸ் வளர்த்தெடுத்தார். ஆங்கிலம் பயிலும் அயல்நாட்டு மாணவருக்காக உருவான இம்முறைக்குத் தேவையான அடிப்படை இந்தியாவிலும் அக்காலத்திலேயே இருந்தது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் 1978-ஆம் ஆண்டு வெளிவந்த எழுத்துகளிலிருந்து பத்து இலட்சம் சொற்களைக் கொண்ட இந்திய ஆங்கிலத் தரவகம் தொகுக்கப்பட்டது. 1991-இல் தொடங்கிய நடுவண் அரசுத் திட்டத்தின்கீழ், மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தமிழுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் சொற்களைக் கொண்ட தரவகம் உருவானது. 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் தற்கால எழுத்துகளிலிருந்து திரட்டிய சான்றுகளின் மீதே எழுப்பப்பட்டது. ஆகவே சான்றை முதன்மையாகக் கொள்ளும் நோக்கு தமிழுக்குப் புதிதன்று. அகராதியாக்கத்தில் வேரூன்றிய அந்நோக்கை வகுப்பறைக்கும் உரியதாக்குவதே எஞ்சியுள்ள பணி.

3. ஒரு சொல், ஐம்பது வரிகள்

தொடரடைவின் ஆற்றலைக் 'கொண்டு' என்னும் வடிவத்தின் வழியே காணலாம். 'கத்தியைக் கொண்டு வெட்டினான்', 'படித்துக்கொண்டு இருந்தான்', 'நூலைக் கொண்டு வந்தான்', 'கல்வியை உரிமையாகக் கொண்டு வாதிட்டார்' ஆகிய நான்கிலும் வடிவம் ஒன்றே. முதலாவதில் அது சொல்லுருபு, இரண்டாவதில் துணைவினை, மூன்றாவதில் கூட்டுவினையின் உறுப்பு, நான்காவதில் 'கருதி' என்னும் பொருள்பட வரும் வினையெச்சம். ஆங்கிலத்திற்கு மாற்றும்போது நான்கும் நான்கு வழிகளில் பிரிந்து செல்கின்றன. அகராதி இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகத் தருகிறது. ஆனால் வாசிப்பவர் ஒரு தொடரில் இன்னது இன்னதென்று எவ்வாறு அறிகிறார் என்பதை அகராதி கூறுவதில்லை. கூறுவது அதன் பணியும் அன்று.

ஐம்பது வரிகளை மாணவரிடம் அளித்து, இடப்புறச் சொல்லின் ஈற்றை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால் விடை தானே புலப்படும். முன்னால் இறந்தகால வினையெச்சம் நின்றால் பெரும்பாலும் துணைவினை. 'ஆக' ஈறு நின்றால் 'கருதி' என்னும் பொருள். இரண்டாம் வேற்றுமை உருபு நின்றால் சொல்லுருபும் கூட்டுவினையும் போட்டியிடும். அப்போது வலப்புறம் 'வா', 'போ', 'செல்' முதலிய வினைகள் உளவா என நோக்க வேண்டும். வினையை இறுதியிற் கொள்ளும் தமிழில் சொல்லுருபும் துணைவினையும் தாம் சார்ந்த சொல்லுக்குப் பின்னரே வருவன. ஆதலின் அவற்றின் பொருளைத் தெளிவிக்கும் சான்று பெரிதும் இடப்புறத்தில் அமைகிறது. ஆங்கில முன்னிடைச் சொற்களுக்கோ அவை சார்ந்த பெயர் வலப்புறத்தில் நிற்கிறது. ஆங்கில வகுப்புக்கென வகுத்த பயிற்சிகளை அப்படியே தமிழுக்குப் பெயர்க்க இயலாது என்பதற்கு இது தக்க காரணமாகும்.

இவ்வடிவமே கருவியின் குறையையும் காட்டுகிறது. 'செய்துகொண்டு' எனச் சேர்த்தும் 'செய்து கொண்டு' எனப் பிரித்தும் எழுதும் இருவகை வழக்கும் அச்சில் உண்டு. இடைவெளியைச் சொல்லெல்லையாகக் கொள்ளும் கருவி முதல்வகையை விட்டுவிடும். 'கொண்டிருந்தான்', 'கொண்டேயிருந்தது' போன்ற வடிவங்களும் அகப்படா. ஒட்டுநிலை மொழியான தமிழுக்குச் சொல்லைப் பகுத்து அடிச்சொல்லைக் காட்டும் பகுப்பாய்வி இன்றித் தொடரடைவு அரைகுறைச் சான்றையே தரும். இக்குறையை மாணவரிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. கருவி எவற்றைத் தவறவிட்டது, ஏன் தவறவிட்டது என்று கேட்பதே உருபனியல் வகுப்புக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

4. சான்றின் பிறப்பிடம்

மொழிபெயர்ப்பு வகுப்பில் அடிக்கடி எழும் வினா, ஒரு தொடர் தமிழ் வழக்கா ஆங்கிலத்தின் நிழலா என்பது. 'முடிவு செய்', 'முடிவு எடு', 'முடிவுக்கு வா' ஆகிய மூன்றும் இன்று வழங்குகின்றன. இவற்றுள் இரண்டாவதை அயல்வழக்கெனக் கடிவோரும் உளர். இயல்பானதெனக் கொள்வோரும் உளர். அவ்வாறே 'ஆசிரியரால் எழுதப்பட்ட நூல்' என்பதும் 'ஆசிரியர் எழுதிய நூல்' என்பதும் பொருளளவில் ஒன்றே. தமிழ்ப் பெயரெச்சம் செயப்பாட்டு வடிவின்றியே செயப்படுபொருளைத் தழுவ வல்லது. இருந்தும் மொழிபெயர்ப்பு நடையில் 'ஆல்', 'படு' ஆகியவை மிகுந்து காணப்படுகின்றன. இத்தகைய இடங்களில் ஆசிரியரின் செவியுணர்வே தீர்ப்பு வழங்கி வந்தது. அத்தீர்ப்பு சரியாக இருப்பினும், அதனை அடையும் வழி மாணவருக்குக் கிட்டுவதில்லை.

1991-ஆம் ஆண்டுத் திட்டத்தின் தரவக அமைப்பில் மொழிபெயர்ப்பு எழுத்துகள் தனி வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மொழிபெயர்ப்பு கற்பிப்போருக்கு இப்பிரிவினை பெரும்பேறு. ஒரு தொடர் இயற்றமிழ் எழுத்தில் எவ்வாறு வருகிறது, மொழிபெயர்ப்பில் எவ்வாறு வருகிறது என ஒப்பிட அது வழி செய்கிறது. இன்று இணையத்திலிருந்து திரட்டப்படும் தரவுகள் அளவில் இதனை மிகப் பலமடங்கு விஞ்சியவை. எனினும் அவற்றுள் எது எவரால் எப்போது எழுதப்பட்டது, எது மொழிபெயர்ப்பு, எது எந்திரத்தின் ஆக்கம் என்பன பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. எந்திரம் ஆக்கிய 'எழுதப்பட்ட நூல்' இணையத்தில் ஏறித் தரவாகி, அடுத்த மாணவருக்குத் தமிழ் வழக்கின் சான்றாக நிற்கும். சான்று தன்னைத் தானே மெய்ப்பிக்கும் இந்நிலை ஆய்வுக்கும் கல்விக்கும் ஒருங்கே கேடு பயப்பது. கற்பித்தலைப் பொறுத்தவரை, பிறப்பிடம் குறித்த சிறு தரவகம் பிறப்பிடம் குறியாப் பெருந்தரவினும் சிறந்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வழக்கில் மிகுதியாக வருவதே செப்பமானதென்று மாணவர் கருதிவிடுவர் என்பது அது. இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. எண்ணிக்கை பழக்கத்தைக் காட்டும், தகுதியைக் காட்டாது. அச்சு மொழியே மிக்க தரவகத்தில் பேச்சுத் தமிழின் உரையாடலைப் பெயர்க்க விழைவோருக்குச் சான்று அரிதாகவே கிட்டும். எனவே தொடரடைவு ஆசிரியரின் இடத்தைப் பற்றுவதில்லை. அவர் தம் தீர்ப்புக்குக் காரணம் கூறுமாறு அது வேண்டுகிறது. மாணவர் அக்காரணத்தை மறுக்கவும் இடம் தருகிறது.

5. தேர்வும் கருவியும்

எந்திர மொழிபெயர்ப்பை வகுப்பிலிருந்து விலக்கி வைப்பது இனி இயலாது. 2022-இன் இறுதியில் உரையாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், தங்குதடையற்ற தமிழ்ப் பத்தி ஒன்றைப் பெறுவது எளிதாகிவிட்டது. ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்துத் தமிழில் பெயர்க்கச் சொல்லும் பழைய வீட்டுப்பணி அதனால் பொருளிழந்தது. எந்திரம் தந்த பத்தியில் ஐயத்திற்குரிய மூன்று தொடர்களைத் தேர்ந்து, தொடரடைவுச் சான்றுடன் ஏற்கவோ மறுக்கவோ செய்க என்பது அதன் இடத்தில் வரத்தக்க பணி. விடை தரும் கருவி அவ்வாறு சான்று தரும் கருவியின் முன் சோதனைக்கு நிற்கிறது.

ஆனால் பருவத்தேர்வு இன்னும் ஒரே ஒரு மாதிரி மொழிபெயர்ப்பை எதிர்பார்த்து மதிப்பெண் இடுமாயின் இம்மாற்றம் நிலைக்காது. எது தேர்வில் கேட்கப்படுகிறதோ அதையே மாணவர் கற்பர். வினாத்தாளிலேயே இருபது தொடரடைவு வரிகளை அச்சிட்டு, அவற்றைப் பகுத்து விதி கூறச் செய்தல் கடினமன்று. தேர்வறையில் இதற்குக் கணினியும் தேவையில்லை.

6. முடிவுரை

கற்பித்தலை மேம்படுத்தும் கருவி எது என்னும் வினாவுக்கு அதன் புதுமையோ வேகமோ விடையாகாது. மாணவர் முன் அது எதனை வைக்கிறது என்பதே உரைகல். தமிழில் இப்பணி சிறக்க மூன்று தேவை: பிறப்பிடம் குறிக்கப்பெற்று யாவரும் பயன்படுத்தத்தக்கதாக அமைந்த தரவகம், சொல்லைப் பகுத்துத் தேடும் வசதி, சான்றை மதிக்கும் தேர்வுமுறை. முதலிரண்டும் நிறுவனங்களின் பொறுப்பு. மூன்றாவது துறைகளின் பாடத்திட்டக் குழுக்கள் தாமே முடிவு செய்யத்தக்கது; அதற்குப் பொருட்செலவு தடையாக நிற்பதில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இறுதியில் துணை நிற்பது தம் தெரிவுக்குக் காரணம் கூறும் ஆற்றலே. அதனை வளர்க்காத கருவி எத்துணைத் திறன் வாய்ந்ததாயினும் கல்விக்கருவி ஆகாது.