பீக்கின் அடிவாரம்

கலவையைப் பிரித்துக்காட்டும் ஹெச்பிஎல்சி கருவியின் திரையைப் புதிதாகப் பார்ப்பவரின் கண், நெட்டுக்குத்தாக எழும் பெரிய பீக்கில்தான் நிற்கும். அதுதான் மருந்து. மருந்து மேம்பாட்டுக் கூடத்தில் பழம் தின்று கொட்டை போட்ட அனலிட்டிக்கல் கெமிஸ்ட் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. திரையைப் பெருக்கிக்கொண்டு நேரே அடிவாரத்துக்கு இறங்கிவிடுவார். பேஸ்லைனில் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும்.

நாளொன்றுக்கு 2 கிராம் வரை உட்கொள்ளும் மருந்தின் மூலப்பொருளில் 0.05 சதவீதத்தைத் தாண்டிய மாசை அறிக்கையில் காட்ட வேண்டும், 0.10-ஐத் தாண்டினால் அது இன்ன மூலக்கூறு என்று கண்டுபிடித்தாக வேண்டும். மருந்துத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான ஐசிஹெச்சின் நெறிமுறை சொல்லும் பொதுக் கணக்கு இது. ஆனால் ஆளைப் பிடிக்கக் கிளம்பும் முன்பு மூத்தவர் கேட்பது வேறு கேள்வி: இந்த மேடு மருந்தில் இருந்ததா, நாம் உண்டாக்கியதா? மருந்தே இல்லாத பிளாங்க்கை ஓட்டிப் பார்ப்பார். அங்கும் அதே நிமிடத்தில் மேடு எழுந்தால் கரைப்பானையோ பஃபரையோ முந்தைய இன்ஜெக்‌ஷனின் மிச்சத்தையோ விசாரிக்க வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்த இடம் பிஹெச். காரத்தன்மை கொண்ட மருந்துகள், பிரிப்பு நடக்கும் சி18 குழாயில் நிரப்பிய சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு, பீக்கின் பின்பக்கத்தை அவிழ்ந்த வேட்டி நுனிபோல இழுத்துக்கொண்டு வரும். ‘டெயிலிங்’ என்று முகம் சுளிப்பார்கள். இளையவர் புதுக் குழாய் கேட்பார். மூத்தவர் பஃபரின் பிஹெச்சை 2.5 பக்கமாக இறக்குவார். சிலிக்காவின் அமில முனைகள் மின்னேற்றம் இழக்க, வால் சுருங்கிவிடும். மருந்தின் பிகேஏ-வுக்குப் பக்கத்தில் மட்டும் பிஹெச்சை வைக்கமாட்டார். அங்கே மூலக்கூறுகளில் பாதி அயனி, பாதி இல்லை. பஃபர் கலக்கியவர் 0.1 பிசகினாலே பீக் இடம் மாறி உட்காரும்.

மருந்தை வேண்டுமென்றே உடைத்துப் பார்க்கும் சோதனையிலும் ஒரு நிதானம் உண்டு. அமிலம், காரம், பெராக்சைடு, வெப்பம், ஒளி என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். ஐந்திலிருந்து இருபது சதவீதம் உடைந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் போனால் உடைந்தது மறுபடி உடைந்து, மருந்துப் புட்டியில் ஒருநாளும் வராத மூலக்கூறுகளையெல்லாம் நாமே பிறப்பித்துவிட்டுத் துரத்திக்கொண்டிருப்போம்.

2019-இல் ரானிடிடின் விவகாரம் வெடித்தபோது, மருந்தில் இருந்ததா, நாம் உண்டாக்கியதா என்ற அதே கேள்விதான் மையத்தில் நின்றது. வயிற்று எரிச்சலுக்கு ஊர் உலகமெல்லாம் விழுங்கிய மாத்திரை அது. ஒரே மாத்திரையில் 30 லட்சம் நானோகிராமுக்கு மேல் என்டிஎம்ஏ இருப்பதாக அமெரிக்கத் தனியார் ஆய்வகம் ஒன்று அறிவித்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள். ஏற்கத்தக்க நாளளவு 96 நானோகிராம். அந்தச் சோதனையில் மாதிரியை 130 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தார்கள். ரானிடிடினுக்குள்ளேயே டைமெத்தில் அமீன் பகுதியும் நைட்ரோ பகுதியும் இருக்கின்றன; சூட்டில் அதிலிருந்தே என்டிஎம்ஏ பிறக்கும். தேடிய பொருளைத் தேடிய முறையே தயாரித்துக் கொடுத்துவிட்டது! சூடுபடுத்தாத எல்சி-மாஸ் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பரிந்துரைத்தது. அளவு மளமளவென இறங்கியது.

கதை அத்தோடு முடியவில்லை. சூடு ஆய்வகத்துக்கு மட்டும் சொந்தமா என்ன? நாள்பட வைத்திருந்தாலும், அறை வெப்பத்துக்கு மேல் வைத்திருந்தாலும் சில மாத்திரைகளில் என்டிஎம்ஏ கூடுவது தெரிந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே ரானிடிடினை விலக்கச் சொன்னார்கள். முறை பிழை, சந்தேகம் சரி. இப்படியொரு முடிச்சு துப்பறியும் கதைக்காரர்களுக்கும் லேசில் கிடைக்காது.

கைதேர்ந்தவர் எழுதிய மெத்தடை, அதாவது சோதனைச் செய்முறையை, நான் கதைபோலத்தான் படிப்பேன். வறட்டு நடை, செயப்பாட்டு வினை, யாரும் ரசிப்பதற்காக எழுதியதில்லை. ஆனால் ‘வடிகட்டியதில் முதல் 5 மி.லி.யைக் கொட்டிவிடவும்’ என்று ஒரு வரி வரும். ஃபில்டர் மருந்தைக் குடித்து, அளவு குறைந்து, யாரோ ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். ‘சோனிகேட்டர் தண்ணீரில் ஐஸ் போடவும்’ என்றால் அங்கே எதுவோ சூட்டில் உடைந்திருக்கிறது. வேறு ஊர் ஆலையில், வேறு குழாயை மாட்டி, நைட் ஷிஃப்டில் உட்காரும் பையனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஐஸைப் போடுவான், பீக் வர வேண்டிய நிமிடத்தில் வரும்.