விகிதம் பூக்கும் பாத்தி

வர்க்கத்தை வகையிட்டால் முதல் அடுக்கு வருகிறது. கனத்தை வகையிட்டால் வர்க்கம். அடுக்குகள் இப்படி ஒவ்வொரு படியாக இறங்கும். ஆனால் ‘ஒன்றின் கீழ் எண்’ என்ற படிக்கு மட்டும் எந்த அடுக்கிலிருந்தும் இறங்கி வர முடியாது. அதற்கு மேலே இருக்க வேண்டிய பூஜ்ய அடுக்கு வெறும் மாறிலி, வகையிட்டதும் சுழியாகிவிடும். அந்த ஒற்றை வெற்றிடத்தை நிரப்புவது இயற்கை மடக்கை. அதை வகையிட்டால் ஒன்றின் கீழ் அந்த எண் வரும். நுண்கணிதத்தில் இதைவிட அழகான வரி எனக்குத் தெரிந்து இல்லை.

1614இல் நேப்பியர் மடக்கையை வெளியிட்டபோது நுண்கணிதம் பிறந்திருக்கவில்லை. பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக்கிக் கணக்கர்களின் உழைப்பைக் குறைப்பதே அவர் நோக்கம். அந்தக் கருவிக்குள் இப்படியொரு வகைக்கெழு ஒளிந்திருந்தது பிறகுதான் துலங்கியது.

மாறிக்கொண்டிருக்கும் ஓர் அளவின் மடக்கையை வகையிடும்போது அழகு இன்னும் கூடுகிறது. சங்கிலி விதிப்படி, மாறும் வேகத்தை அப்போதைய அளவால் வகுத்தது விடையாக வரும். எவ்வளவு மாறுகிறது என்பதை விட்டுவிட்டு, இருப்பதில் எத்தனை பங்கு மாறுகிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. லிட்டரில் அளந்தாலும் கனமீட்டரில் அளந்தாலும் விடை ஒன்றே. பெருக்கல்கள் கூட்டலாகப் பிரிவதால், மாறாத காரணிகள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன.

இந்த உத்தியின் உச்சத்தை ராமானுஜனிடம் காணலாம். 1916இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற ஆய்வுரையில் ஒரு முடிவிலாப் பெருக்கல் வருகிறது. ஒவ்வொரு காரணியும் 24ஆம் அடுக்குக்கு உயர்த்தப்பட்டது. அதன் மடக்கையை வகையிட்டால், ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வகுஎண்களின் கூட்டுத்தொகை வரிசையாக வெளிப்படுகிறது. பெருக்கலுக்குள் புதைந்திருந்த எண்கணிதம் ஒரே வகையிடலில் மேலே வந்துவிடுகிறது.

அதே வகையிடலை மரக்காணத்து உப்பளத்தில் வரப்போரமாக நின்றும் செய்யலாம். பாத்தியின் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றின் பெருக்கலே நீரின் கன அளவு. மடக்கை எடுத்தால் மூன்றும் தனித்தனியே பிரியும். வரப்புக்குள் நீளமும் அகலமும் மாறுவதில்லை. வகையிட்டதும் அவை மறைய, ஆழம் மட்டும் மிஞ்சும். வெயிலும் காற்றும் நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீரை எடுப்பதாகக் கொள்வோம். 100 மில்லிமீட்டர் ஆழத்தில் அது நாளுக்கு 5 சதவீத வேகம். 25 மில்லிமீட்டர் ஆழத்திலோ 20 சதவீத வேகம். உவர்நீர் அடர்ந்தால் ஆவியாவது சற்று மந்தப்படும்; ஆனாலும் ஆழம் குறைந்ததால் கிடைக்கும் வேகம் பெரிது. உப்பு விளையும் பாத்திகளில் நீரை மெல்லிசாகக் கட்டுவதன் நியாயங்களில் இதுவும் ஒன்று.

இனி உப்பைப் பார்ப்போம். செறிவு என்பது கரைந்த உப்பின் எடையை நீரின் கன அளவால் வகுத்தது. மடக்கையில் அது கழித்தல். உவர்நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். 25 டிகிரியை நெருங்கும்வரை கறியுப்பு நீரிலேயே கிடக்கிறது. அதன் எடை மாறுவதில்லை. ஆகவே நீர் எத்தனை சதவீத வேகத்தில் குறைகிறதோ, உப்பின் செறிவு அத்தனை சதவீத வேகத்தில் ஏறும்.

25 டிகிரியை ஒட்டிக் கரைசல் தெவிட்டுகிறது. கறியுப்பின் செறிவு அதற்குமேல் ஏறக்குறைய நகர்வதில்லை. அதன் மடக்கையின் வகைக்கெழு சுழி. கழித்தலின் விடை சுழியென்றால் இரு உறுப்புகளும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? அதாவது, நீர் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் கரைந்த உப்பும் நீரைவிட்டு வெளியேறியே ஆக வேண்டும். பாத்தியில் உப்புப் பூப்பது இதனால்தான். பாத்தி சிறிதா பெரிதா, வெயில் கடுமையா மிதமா என்று எதையும் கேட்காமல் இந்தச் சமன்பாடு நிற்கிறது. அளவுகளை உதிர்த்துவிட்டு விகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு வகையிடலால் மட்டுமே இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு சொல்ல முடியும்.