திருவயிறு வாய்த்தவர்

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் படம் வந்த 2023ஆம் ஆண்டு, கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரத்தில் முதுகலை மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? பாதிப் பேர் நந்தினி என்றார்கள். மீதிப் பேர் யோசித்தார்கள். துடியலூரிலிருந்து வரும் பெண் ஒருத்தி எழுந்து, "கொன்னாளோ இல்லையோ, காரணம் அவதானுங்க மேடம்" என்றாள். வகுப்பு மொத்தமும் தலையாட்டியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், மேட்டுப்பாளையம் சாலையின் அந்த நெரிசலிலும், அந்தப் பதில்தான் காதில் இருந்தது. ஒரு பெண் கொலை செய்தாளா என்பதைக் கேட்கவே வேண்டாம், காரணம் அவள்தான் என்று எது இவ்வளவு உறுதியாகச் சொல்ல வைக்கிறது?

முதலில் கல்லுக்குப் போகலாம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டொன்று முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் முடிவு. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று அது ஆண்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். பிரம்மாதிராஜன் என்பது அரசன் தரும் பட்டம். ஆகவே இவர்கள் எங்கிருந்தோ வந்து பாய்ந்தவர்கள் அல்லர், அதிகாரத்தின் முற்றத்தில் நடமாடியவர்கள். கல்வெட்டு பேசுவது கொலையைப் பற்றிக்கூட அல்ல, சொத்தைப் பற்றி. கொலையாளிகளின் நிலம், உடன்பிறந்தார் நிலம், பெண் கொடுத்தவர் நிலம், பெண் எடுத்தவர் நிலம் என்று உறவின் கடைசிக் கிளை வரை போய்ப் பறிக்கச் சொல்கிறது அரசாணை. ஏன் கொன்றார்கள் என்று ஒரு சொல் இல்லை. நந்தினி என்றும் ஒருத்தி இல்லை.

கொலை நடந்தது 970ஐ ஒட்டி. இந்த ஆணை வருவது 987 வாக்கில். நடுவில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அரியணையில் இருந்தவர் உத்தம சோழர். கொலைக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் அவர், கொலையாளிகளின் சொத்து பறிபோனது அவருக்குப் பின்பு. இந்த இடைவெளியை வைத்துத்தான் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவர் வாதத்திலும் பெண்ணுக்கு வேலையில்லை. வேலை கொடுத்தவர் கல்கி.

உத்தம சோழரின் தாய் செம்பியன் மாதேவி. மழவரையர் குலத்துப் பெண், கண்டராதித்தரின் மனைவி. 957 அளவில் கணவர் மறைந்தபோது மகன் சிறுவன். பட்டம் கணவரின் தம்பி அரிஞ்சயரிடம் போய், அவர் மகன் சுந்தர சோழரிடம் நிலைத்தது. மூத்த கிளையின் பிள்ளை ஒதுங்கி நிற்க, இளைய கிளை ஆண்டது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்தன் இளவரசுப் பட்டமும் கட்டிக்கொண்டான். அவன் கொல்லப்பட்ட பிறகு மூத்த கிளைக்கு முறை திரும்பியது. அருண்மொழிக்கு ஆசை இல்லை, சிறிய தந்தைக்கு ஆசை இருந்தது, ஆகவே விட்டுக்கொடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பிற்காலத்தில் சொல்கிறது. வென்ற கிளையின் பேரன் வெளியிட்ட செப்பேடு வேறு எப்படிச் சொல்லும்?

இந்த வழக்கின் நடுவில் நின்ற பெண்ணைக் கல்வெட்டுகள் எப்படி அழைக்கின்றன தெரியுமா? உத்தம சோழ தேவரைத் 'திருவயிறு வாய்த்த' உடைய பிராட்டியார் என்று. மகனைப் பெற்ற வயிறு ஒரு பட்டப்பெயராகிறது. பெண்ணைக் கருப்பைக்குள் அடக்கும் சொல் என்று என் ஆய்வுக்காலத்தில் கோபத்தோடு எழுதியிருக்கிறேன். இப்போது அத்தனை உறுதி இல்லை. முறை மறுக்கப்பட்ட கிளை ஒன்று, 'இந்த வயிற்றுப் பிள்ளைதான் அரசன்' என்று கல்லில் திரும்பத் திரும்ப வெட்டுவது பணிவு மட்டும்தானா? கோனேரிராசபுரத்தில் கணவர் பெயரால் கற்றளி எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வணங்குவதாகச் சிற்பமும் செய்து வைத்தவர் அவர். ஆடுதுறை, விருத்தாசலம் என்று செங்கல் கோயில்கள் கல்லாயின. மறக்கடிக்கப்பட இருந்த ஓர் அரசனைக் கோயில் சுவரில் நிறுத்துவதை வெறும் பக்தி என்று படிப்பது நம் சோம்பல். அது ஓர் உரிமைப் பத்திரமும்கூட என்பது என் வாசிப்பு.

அந்தத் திருவயிற்றை நாவல் என்ன செய்கிறது பாருங்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் தமிழ்நாடு காத்திருந்து படித்த கதையில், செம்பியன் மாதேவி தன் மகனுக்குப் பட்டம் வேண்டாம் என்று தடுக்கும் தாய். ஆசைப்படும் மதுராந்தகனோ அவர் பெற்ற பிள்ளையே இல்லை. பேச முடியாத மந்தாகினி பெற்ற இரட்டையரில் ஒருவன், மற்றவள் நந்தினி. மாதேவியின் சொந்தப் பிள்ளை, இறந்துவிட்டதாக எண்ணிப் புதைக்கக் கொடுத்த குழந்தை, பூக்கட்டிக் கொடுக்கும் வாணி அம்மையிடம் வளர்ந்து பரம சாதுவான சேந்தன் அமுதனாக நிற்கிறான். அவனுக்கே கடைசியில் மகுடம்.

எவ்வளவு நேர்த்தியான கணக்கு! உத்தம சோழர் திருவயிறு வாய்த்தவரின் மகனாகவே பட்டம் ஏறுகிறார், வரலாறு சிதையவில்லை. ஆனால் ஆசை என்ற அழுக்கு மட்டும் அரண்மனை வயிற்றிலிருந்து கழுவப்பட்டு, நாவும் குலப்பெயரும் இல்லாத ஒருத்தியின் வயிற்றில் ஏற்றப்படுகிறது. அரியணையை விரும்பிய ஆணும் அதற்காகச் சதி செய்த பெண்ணும் அவள் பிள்ளைகள். குடிசையில் வளர்ந்தாலும் ராஜ ரத்தம் தேவாரம் பாடுகிறது, அரண்மனையில் வளர்ந்தாலும் மற்ற ரத்தம் பேராசைப்படுகிறது. இதை நாம் அறுபது எழுபது ஆண்டுகளாகத் தாய்மையின் உன்னதம் என்று படித்து வருகிறோம்.

இந்த நாவலை முதலில் என் அமுச்சி வீட்டில்தான் படித்தேன். பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு புத்தகம், மணியம் படங்களுடன், மூன்றாம் பாகத்தில் முப்பது பக்கம் கரையான் தின்றது. அமுச்சிக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க, பருத்தி பிரித்துக்கொண்டே கேட்பார். மந்தாகினி வரும் இடத்தில் ஒருநாள், "பேச வராதவகிட்டத்தாஞ் சாமி எல்லாச் சங்கதியும் இருக்குது" என்றார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய விமர்சனம் என்று புரிந்தது. யார் யாருடைய பிள்ளை என்ற, அரசையே மாற்றக்கூடிய உண்மை இந்தக் கதையில் இரண்டு சகோதரிகளுக்குத் தெரியும். இருவருக்கும் பேச்சு இல்லை. மூன்றாவதாக அறிந்த மாதேவி, பேச்சிருந்தும் ஆண்டுக்கணக்கில் வாய் திறப்பதில்லை. மந்தாகினி அரசனுக்கு வந்த வேலைத் தன் மேல் வாங்கிச் சாகிறாள். அவளுக்கு அதற்குமேல் வேலையில்லை.

மற்றப் பெண்கள்? வானதி, சிம்மாசனத்தில் அமரவே மாட்டேன் என்று சபதம் செய்கிறாள், நாமும் கண்கலங்குகிறோம். குந்தவை அரசியலை ஆளுகிறாள், தம்பிக்காக என்பதால் அது அரசியலாகத் தெரிவதில்லை. எனக்கு அரியணை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்பவள் நந்தினி ஒருத்திதான். அந்த ஒருத்திக்கே கல்கி தன் மிகச் சிறந்த வசனங்களைக் கொடுத்திருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொலையின் கணத்தை அவர் இருட்டிலேயே விட்டார். தீர்ப்பை எழுதியது வாசகர்கள். அவளை மட்டும் மறக்க முடியாமல் செய்தது கல்கியின் கலை. படத்தில் தாய்க்கும் மகளுக்கும் ஒரே நடிகை. குழந்தை மாற்றும் கதையையும் படம் விட்டுவிட்டது. அதனால் மாதேவியின் மகன் மாதேவியின் மகனாகவே ஆசைப்படுகிறான். ஒருவகையில் நாவலைவிடக் கல்வெட்டுக்கு இது நெருக்கம்.

'காரணம் அவதான்' என்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பும் அல்ல. சோழர்க்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு, ஐரோப்பாவில் பிராங்கியப் பேரரசர் லூயி 817இல் நாட்டை மூன்று மகன்களுக்குப் பங்கிட்டு எழுதிவைத்தார். மனைவி இறந்தபின் 819இல் ஜூடித்தை மணந்தார். 823இல் சார்லஸ் பிறந்தான். நான்காவது பிள்ளைக்கும் பங்கு என்றதும் 830இல் மூத்த மகன்கள் கலகம் செய்தார்கள். எழுதிய பங்கீட்டைத் திருத்தியவர் அரசர், வாள் எடுத்தவர்கள் மகன்கள். குற்றம் சாட்டப்பட்டவள் ஜூடித். அரண்மனை அதிகாரி பெர்னார்டுடன் கள்ள உறவு என்றார்கள். ஆயர்கள் அதைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவளைக் கன்னியர் மடத்தில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு அவள் சபையில் நின்று சத்தியம் செய்தபோது, எதிர்த்துக் குற்றம் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. ஆனால் பேர் பேர்தானே.

அந்த பெர்னார்டுக்கு ஒரு மனைவி இருந்தாள், துவோடா. உசெஸ் என்ற ஊரில் தனியே விடப்பட்டவள். மூத்த மகன் வில்லியமைக் கணவன், வென்று வந்த சார்லசின் அரண்மனைக்கு விசுவாசத்தின் அடையாளமாக அனுப்பிவிட்டான். கைக்குழந்தையை ஞானஸ்நானத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டு போனான். 841 முதல் 843 வரை உட்கார்ந்து அவள் மூத்தவனுக்கு ஒரு புத்தகம் எழுதினாள். இளையவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தெரியாமலே அவனையும் அதில் விசாரிக்கிறாள். கணவன் 844இல் கொல்லப்பட்டான், வில்லியமும் சில ஆண்டுகளில் கொல்லப்பட்டான். புத்தகம் இருக்கிறது. வாரிசுப் போரை உள்ளேயிருந்து பார்த்த ஒருத்தியின் சொந்தச் சொற்கள். செம்பியன் மாதேவியிடமிருந்து நமக்கு அப்படி ஒன்று இல்லை. தானக் கணக்கு இருக்கிறது, விளக்கெரிக்க ஆடு எத்தனை, அமுதுக்கு நெல் எவ்வளவு என்று. பெண் கொடுத்ததைத்தான் கல் பதிந்தது, கேட்டதை அல்ல.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த மறு வருடம், தோட்டத்தை அண்ணன் பேருக்கு மாற்ற விடுதலைப் பத்திரம் தயாரானது. 1989இலேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தாயிற்று. எனக்குத் திருமணமானது அதற்கு வெகு காலம் பிறகு. எனக்கு இது தெரியும், வகுப்பில் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். "அண்ணங்கூட மொகம் முறிஞ்சு போயிரும் கண்ணு, சீரெல்லாம் செஞ்சுதான இருக்குது" என்றார் அம்மா. பத்திர அலுவலகத்தில் மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்த தாளில் கையெழுத்திட்டேன், ரேகை வைத்தேன். வெளியே வந்து எல்லோரும் இளநீர் குடித்தோம். ஊரில் எனக்கு நல்ல பேர். என்னோடு படித்த ஒருத்தி கையெழுத்துப் போட மறுத்தாள். அவள் அண்ணன் தம்பிகள் இன்று பேசிக்கொள்வதில்லை. பங்கில் அவர்களுக்குள்ளேயே சண்டை. ஆனால் குடும்பம் உடைந்தது யாரால் என்று கேட்டால் ஊர் அவள் பெயரைத்தான் சொல்லும். அவளை நந்தினி என்றே பட்டப்பெயர் வைத்துப் பேசியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

செம்பியன் மாதேவிபோல் விட்டுக்கொடுத்தாள் என்று என்னைப் புகழ்ந்தார் ஓர் உறவினர். நாவலின் மாதேவியைச் சொன்னார். கல்வெட்டின் மாதேவி எதையும் விட்டுக்கொடுத்ததாக எங்கும் வெட்டவில்லை. மகன் ஆண்டான். 985இல் பட்டம் மீண்டும் இளைய கிளைக்குப் போனது, பேரன் மதுராந்தகன் கண்டராதித்தனுக்கு வரவில்லை. அவன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். அப்போதும் பாட்டி தானம் செய்துகொண்டுதான் இருந்தார். அவர் பெயரிலேயே நாகப்பட்டினம் பக்கம் உள்ள ஊரில், அவர் பிறந்தநாளுக்கு மருமகள்கள் நிவந்தம் வைத்திருக்கிறார்கள். மாமியாருக்கு மருமகள்கள். மெகா சீரியல் பார்க்கும் தேசத்தில் இதை யாராவது கதையாக்கினால் நன்றாக இருக்கும்.

மறுநாள் வகுப்புக்கு உடையார்குடிக் கல்வெட்டின் படியெடுத்த பாடத்தைக் கொண்டுபோனேன். சொல் பிரித்து வாசித்தோம். உறவுப் பட்டியல் நீண்டுகொண்டே போனபோது மாணவிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். துரோகிகளின் மனைவியர், உடன்பிறந்த பெண்கள், மகள்கள் என யாருக்கும் பெயர் இல்லை, ஆண்களை இணைக்கும் கண்ணிகளாகத்தான் வருகிறார்கள். ஒரே ஒரு பெண்பெயர் வந்தது: பெரியநங்கைச் சாநி. அந்தக் குடும்பத்தில் ஒருவனின் தாய்.

"சாநின்னா என்னங்க மேடம்?" என்று கேட்டாள் துடியலூர்க்காரி. பிராமணப் பெண்ணுக்குரிய மரியாதைச் சொல் என்றேன்.

"இவங்க என்ன பண்ணுனாங்க?"

"மகனைப் பெத்தாங்க."

அவள் நோட்டில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். பெரியநங்கை என்ற பெயரை மட்டும் எழுதி, எதிரில், 'நிலம் இருந்தது' என்று எழுதியிருந்தாள்.